முதலில் காது, அப்புறம் ஸ்பானர்

இரு சக்கர வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய ஒரே வரியில் முடிந்துவிட்டன: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது?" அதை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாசகர் 'டக் டக் டக் டக்' என்று நாலு முறை எழுதி அனுப்பியிருந்தார். அந்த நாலு 'டக்'கும் எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டன. அவர் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் டக் டக் டக் டக் என்று வேகமாகச் சத்தம் வருகிறது. மீட்டர் விளக்கு மங்கி மங்கி எரிகிறது. எஞ்சின் சுற்றவே இல்லை. பேட்டரி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மாற்றிவிடலாமா அக்கா?

பதில்: இன்னும் மாற்றாதீர்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பெரிய கரண்டைத் திறந்து மூடுவது ஒரு ரிலே. பட்டனை அழுத்தியதும் ரிலே 'டக்' என்று ஒட்டுகிறது. உடனே மோட்டார் ஏகப்பட்ட கரண்டை இழுக்கிறது. பேட்டரியால் அதைத் தாங்க முடியாமல் வோல்ட் சடாரென்று விழுகிறது. ரிலேயைப் பிடித்து வைக்கக்கூடத் தெம்பு இல்லாததால் அது விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி ஒட்டுகிறது. இதுவே நொடிக்குப் பல முறை நடந்தால் நீங்கள் கேட்ட சத்தம்.

ஆக, பட்டன், ஃப்யூஸ், ரிலே மூன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அல்லது வழியில் அடைப்பு இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது வழியைத்தான். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் வயர் ஆடுகிறதா? மைனஸ் வயரின் மறுமுனை எஞ்சினிலோ சேஸிஸிலோ ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். அங்கே துருப்பிடித்திருந்தாலும் இதே கதைதான், அந்த முனையைப் பலரும் பார்ப்பதே இல்லை. கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸைத் திருகும்போது ஸ்பானர் தவறி சேஸிஸில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

அப்புறமும் டக் டக் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் பரவாயில்லை. 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது 10-க்கு ரொம்பக் கீழே இறங்கினால் பேட்டரிக்குள் தெம்பு இல்லை. அப்படியென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றியதோடு விட்டுவிடக் கூடாது. எங்கள் பட்டறைக்கு ஒருவர் எட்டு மாதத்தில் மூன்றாவது பேட்டரியோடு வந்தார். ஒவ்வொரு முறையும் புதுசு போட்டால் சில வாரம் நன்றாக ஓடும், திரும்ப அதே டக் டக். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகி, பேட்டரியில் அளந்தேன். 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். அவர் வண்டியில் 12.3-ஐத் தாண்டவே இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு ஏறும் சார்ஜை ஒழுங்குபடுத்துவது ரெகுலேட்டர். அதற்குப் போகும் கப்ளர், அதாவது வயர் இணைப்பு, கருகி உருகியிருந்தது. நல்ல பேட்டரிகளைப் பழி சொல்லித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கப்ளரை மாற்றியதும் சரியாகிவிட்டது. இந்த அளவை எடுக்க ஒரு நிமிடம் போதும். புது பேட்டரி போடும் யாரிடமும் இதைக் கேட்டு அளக்கச் சொல்லுங்கள்.

வேறு இரண்டு சத்தங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி, விளக்கும் மங்கவில்லை என்றால் ரிலேயின் உள்முனையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் ஒன்-வே கிளட்ச் வழுக்குகிறது.

கேள்வி: எஃப்.ஐ. வண்டி. நேற்று நிறுத்திய இடத்தில் சாய்ந்து கிடந்தது. தூக்கி நிறுத்தி செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. நண்பர்களோடு தள்ளியும் பார்த்துவிட்டேன்.

பதில்: சாவியை ஆஃப் செய்து, சில நொடி கழித்து மறுபடி ஆன் செய்யுங்கள். அநேகமாக இத்தோடு உங்கள் பிரச்சினை முடிந்துவிடும். எஃப்.ஐ. என்றால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி. இந்த வண்டிகளில் சாய்வைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று உண்டு. வண்டி விழுந்தால் பெட்ரோல் பம்பையும் எஞ்சினையும் நிறுத்திவிடும், தீப்பிடிக்காமல் இருக்க. தூக்கி நிறுத்தினால் மட்டும் போதாது, பல மாடல்களில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் அது விடும்.

அப்படியும் இல்லையென்றால் காதைப் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வைத்து, ஹேண்டில்பாரில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் 'ரன்' பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியைத் திருப்புங்கள். இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்க வேண்டும். பம்ப் பெட்ரோலை அழுத்தி வைக்கும் சத்தம் அது. கேட்டால் பம்புக்குக் கரண்ட் போகிறது. கேட்கவில்லை என்றால் பம்ப் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த முனகலை ஒருநாள் நிதானமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சத்தம் தெரிந்தவருக்குத்தான் அது இல்லாமல் போனது தெரியும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பற்றி: பேட்டரி சுத்தமாகச் செத்த எஃப்.ஐ. வண்டியைத் தள்ளிப் பயனில்லை. பம்பும் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டர் பெட்டியும் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது. செல்ஃபைச் சுற்ற மட்டும் பேட்டரி போதவில்லை, மீட்டர் விளக்கு நன்றாக எரிகிறது என்றால் தள்ளலாம். உங்களுக்கோ செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. செல்ஃபால் ஆகாதது தள்ளினாலும் ஆகாது.

கேள்வி: அப்பாவின் பழைய கார்புரேட்டர் வண்டி நாலு மாதமாகச் சும்மா நின்றது. சோக் இழுத்து ஐம்பது முறைக்கு மேல் உதைத்துவிட்டேன். பெட்ரோல் வாடை நன்றாக வருகிறது. கால் வலிதான் மிச்சம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உதைப்பதை நிறுத்துவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

என் அப்பா பட்டறை வைத்திருந்தார். பதினாலு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க அவரோடு நிற்க ஆரம்பித்தேன். ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால் அவர் முதலில் கேட்கும் சாமான் பிளக் ஸ்பானர். எஞ்சினுக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், அப்புறம் என்னிடம் கொடுப்பார். "என்ன சொல்லுது?" என்பார். நான் பதில் சொல்லாத வரைக்கும் அடுத்த போல்ட்டைத் தொடமாட்டார். இத்தனை வருடம் கழித்தும் என் வேலை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் உள்ளே வருகிறது, எரியவில்லை. காய்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கறுப்பாக உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதும் திரும்பாமல் இருக்கலாம். பிசுபிசுப்பாக எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் மேலே வருகிறது.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பிளக் நனைந்துதான் இருக்கும். எங்கள் பாஷையில் 'ஓவர்ஃப்ளோ'. நனைந்த பிளக்கில் பொறி தாவாது, எவ்வளவு உதைத்தாலும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல்தான் சேரும். பெட்ரோல் காக்கை மூடுங்கள், சோக்கை உள்ளே தள்ளுங்கள், சாவி ஆஃப். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு பத்து முறை மெதுவாக உதையுங்கள். உள்ளே தேங்கியது ஆவியாக வெளியேறும். திறந்த இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ வேண்டாம். பிளக்கை நன்றாக உலர்த்துங்கள்.

அடுத்தது பொறி. பலர் ஆபத்தாகச் செய்யும் வேலை இது. கழற்றிய பிளக்கை வயர் முனையிலுள்ள கேப்பில் மாட்டி, அது இருந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்து உதைப்பார்கள். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி சீறி வரும். பொறியும் ஆவியும் சேர்ந்தால் முகத்துக்கு நேராகத் தீ. அப்பா இதற்கென்றே ஒரு நல்ல பழைய பிளக்கைத் தனியாக வைத்திருந்தார். வண்டியின் பிளக்கை அதன் இடத்திலேயே திருகி மூடிவிட்டு, அந்த இரண்டாவது பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சின் உலோகத்தோடு ஒட்டி வைத்துச் சோதிப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிளக் உடம்பு உலோகத்தில் படாமல் தொங்கினால் பொறிக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயிலும், பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கையால் உலோகத்தைத் தொடாதீர்கள், அங்கே பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி வந்தால் அது பலவீனம். வெளியே தாவினாலும் உள்ளே அழுத்தத்தில் தாவாது. பொறியே இல்லையென்றால் வேறு எதையும் கழற்றும் முன்னால் கில் சுவிட்சைப் பாருங்கள், அப்புறம் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி வயர் முனையைப் பாருங்கள். வயர் நீளம் இருந்தால் பச்சை பூத்த முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி திருகினாலே பல வண்டிகளில் பொறி திரும்பி வரும்.

பொறி சரி என்றால் பெட்ரோலுக்கு வாருங்கள். நாலு மாதம் நின்ற பெட்ரோலில் சட்டென்று ஆவியாகும் பகுதி பறந்துவிட்டிருக்கும். குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்ள அந்தப் பகுதிதான் வேண்டும். மிச்சம் இருப்பது வார்னிஷ் மாதிரி வாடை அடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கீழே தனியாகப் பிரிந்துவிடும். கார்புரேட்டரின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் வேறு அடுக்கோ குமிழ் குமிழாகத் தண்ணீரோ தெரிந்தால் டேங்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் சோக்கில் மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் அணைந்தால் பைலட் ஜெட், அதாவது ஐடிலில் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு, அடைத்திருக்கிறது. அதன் ஓட்டை அரை மில்லிமீட்டரைவிடச் சின்னது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள்! பித்தளை மெத்தென்ற உலோகம், கம்பி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் அந்த வண்டி என்றைக்குமே சரியாக ஐடிலில் நிற்காது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்று அடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும்.

உதைக்கும்போது கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்குகிறதா? அது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம், கசிகிறது என்பதன் அடையாளம். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். சின்ன எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்து வைக்கிற வேலை இல்லை. இதை மட்டும் பழகினவரிடம் கொடுங்கள்.

கேள்வி: பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது.

பதில்: அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று வர வேண்டும், வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால், நின்ற அந்த நிமிடமே பொறியைச் சோதியுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும், பார்த்துக் கை வையுங்கள். இக்னிஷன் காயிலும், பொறி விட நேரம் சொல்லும் மேக்னெட் பக்கத்துப் பல்சர் காயிலும் சூட்டில் மட்டும் கெட்டு, ஆறியதும் சரியாகிவிடும் குணம் கொண்டவை. பட்டறைக்கு வந்து சேரும்போது வண்டி ஆறிப்போய் ஒழுங்காக ஓடும், மெக்கானிக்கும் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார். அதனால்தான் நின்ற இடத்திலேயே பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு விளக்குகூட இல்லை.

பதில்: மெயின் ஃப்யூஸ். பல வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்தில் அல்லது செல்ஃப் ரிலேயிலேயே இருக்கும், கூடவே ஒரு ஸ்பேரும் வைத்திருப்பார்கள். அதே ஆம்பியரில் மாற்றுங்கள். உடனே மறுபடி போனால் எங்கோ வயர் உராய்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. வண்டி நாளாக நின்றிருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள், எலி அங்கேயும் கூடு கட்டும். ஃப்யூஸ் இடத்தில் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றி வைக்காதீர்கள். முழு வயரிங்கும் எரிந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெள்ளத்தில் வண்டி சீட் வரைக்கும் மூழ்கிவிட்டது. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. வெளியே நன்றாகக் காய்ந்துவிட்டது. செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். மற்ற கடிதங்களைவிட இது சீக்கிரம் உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசிரியரிடம் சொல்லி, தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது இப்படி ஒரு வண்டி வந்தது. அப்பா வெளியே போயிருந்தார். அதன் சொந்தக்காரர் அந்த வண்டியை வைத்துத்தான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், அவசரப்பட்டார். பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. நான் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். ஒரு சுற்று, ஒரு கனமான 'டங்', அவ்வளவுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து அந்தத் தண்ணீரில் மோத, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அப்பா அந்த எஞ்சினைத் தன் செலவில் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வளைந்த ராடைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். கிக்கர் இருந்தால் கையால் மெதுவாக அழுத்துங்கள். இல்லையென்றால் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தால், அது நிற்கும் வரை சுற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, கார்புரேட்டர், டேங்க், சைலன்சர் எல்லாவற்றிலும் இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் கொட்டி மறுபடி மாற்ற வேண்டும். கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காற்றடித்து உலர்த்த ஒரு நாள் முழுக்க ஆகும். அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கள் வீட்டு வண்டியில் முதலில் எதைக் கழற்றிப் பழகலாம் அக்கா?

பதில்: பிளக்கை, தம்பி. வீட்டில் கேட்டுவிட்டு ஆரம்பி. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை பிய்த்துக்கொண்டு வரும். கழற்றும் முன்னால் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடு, இல்லையென்றால் அது உள்ளே விழும். கழற்றியதும் நிறத்தையும் வாடையையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவை.

திரும்ப மாட்டும்போது ஸ்பானரை எடுக்காதே. விரலாலேயே திருகு. மூன்று நாலு சுற்று விரலாலேயே சுலபமாகப் போக வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பி. வாஷர் உட்காரும் வரை விரலால் திருகிவிட்டு, அப்புறம்தான் ஸ்பானர்: புது பிளக் என்றால் அரைச் சுற்று, ஏற்கெனவே போட்டிருந்த பிளக் என்றால் எட்டில் ஒரு சுற்று. பிளக்கில் என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது.